கை அசைந்த இடம்

இன்று காலை நனைந்த ஆவாரம்பட்டை ஏற்றிய வண்டியொன்று எங்கள் தெருவில் போயிற்று. தோல் பதனிடும் அந்தப் பட்டையின் துவர்ப்பு வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது, தோஸ்து. எனக்கு எழுதத் தெரியாதென்று உனக்குத் தெரியும். நான் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

ஆம்பூர்த் தோல் ஷாப்பில் இருவரும் தோலை ஊறப்போடும் ஒரே சுண்ணாம்புக் குழியில் இறங்கியவர்கள். உன் கால் இரண்டும் வெந்து புண்ணாகிவிட்டன. "இன்னொரு மழைக்காலம் குழியில எறங்குனா கால் தங்காது" என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்து ஆபீசில் குமாஸ்தா வேலை காலியாயிற்று. துரை ஓர் இங்கிலீஷ் கடிதம் கொடுத்துச் சோதிப்பாராம். சர்ச் உபதேசியாரிடம் கொஞ்சம் படித்திருந்த நீ, அவருடைய இலக்கணப் புத்தகத்தைச் சோற்று வேளையில் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஒரு வாக்கியத்தில் வினைச்சொற்கள் வரிசையாக வந்துவிட்டால் எது தலையானது என்று உனக்குப் பிடிபடாது.

"ஒண்ணொண்ணா அர்த்தம் சொல்லு. நான் செஞ்சு காட்றேன்" என்றேன்.

"'ஹைட்ஸ் ஷுட் ஹாவ் பீன் வாஷ்ட்'னு போட்டிருக்கு. தோலுங்கள பத்தின பேச்சு இது. மொதல்ல ஷுட்."

"அதுக்கு இன்னா செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேணாம். கட்டாயம்னு சொல்லுது. அப்புறம் ஹாவ், பீன்."

"அதுங்களுக்கு?"

"அதுங்களுக்கும் தனியா வேலை இல்லடா."

"கல்யாணத்துக்குக்கூட இத்தினி பேரு சும்மா வர மாட்டானுங்களே!"

"கடைசியா வாஷ்ட். அலசறது."

குனிந்து, இல்லாத தோலை இல்லாத தண்ணீரில் அலசினேன். "அதான்டா! உன் கை அசைஞ்ச எடம்தான் மெயின் வெர்பு!" என்று குதித்தாய். புண் வலிக்கவும் "அய்யோ" என்று உட்கார்ந்தாய்.

சோதனையன்று நான் ஆபீஸ் வாசலில் தோல் இறக்கிக்கொண்டிருந்தேன். உனக்கு முன்னால் போன வேலூர்க்காரர் கடிதத்தை மணிமணியாக வாசித்தார். அது என்ன செய்யச் சொல்கிறது என்று துரை அரைகுறைத் தமிழில் கேட்டார். "ரொம்ப மரியாதையா எழுதியிருக்காங்க, சார்" என்றார் அவர்.

அடுத்து நீ. கடிதம் முழுக்க ஒரே வாக்கியம். உன் உதடு அசைந்தது. கை மட்டும் தொங்கிக்கொண்டே இருந்தது. சட்டென்று நாற்காலியில் கிடந்த துரையின் கோட்டை எடுத்தாய், உதறினாய், ஜன்னல் வெயிலில் விரித்துப் போட்டாய்.

"டிரை, சார்! நாம அனுப்புன தோலு ஈரமா இருந்துச்சாம். இனிமே நல்லாக் காயப்போட்டு அனுப்பச் சொல்றாங்க!"

துரை சிரித்த சிரிப்பில் அவர் முகம் செங்கல்லாய்ச் சிவந்துவிட்டது. மறுநாளே உன்னை வரச் சொன்னார்.

அதற்குப் பிறகு நீ குழியில் இறங்கவே இல்லை. புண் ஆறிற்று. செருப்புப் போட்டு நடந்தாய். எங்களுக்குக் கேட்கட்டுமென்று வேண்டுமென்றே தேய்த்துத் தேய்த்து நடந்தாய், படவா.

உன்னை அடக்கம் செய்த அன்று எல்லாரும் பேசினார்கள். உபதேசியார் பேசினார், வியாபாரிகள் பேசினார்கள். நல்ல வார்த்தைகள்தான், ஆனால் எதற்கும் என் கை அசையவில்லை. கடைசியில் உன் பெரிய மகன் என் பக்கம் திரும்பி, "தூக்குங்க, பெரியப்பா" என்றான்.

என் கை தானாகப் பெட்டியைப் பிடித்தது. கால்மாட்டில் தோள் கொடுத்தேன். பெட்டிக்குள் உன் கால் இரண்டும் முழுசாக இருந்தன. அந்தக் கனம் இன்னும் என் வலத்தோளில் இருக்கிறது.