வாழைப்பழத்தில் எழுதிய முடிவு

ஏப்ரல் 28, செவ்வாய்

இன்னும் இரண்டே நாள். ‘நீலப்பருந்து’ படத்தின் மூன்றாம் பாகம் வருகிறது. கூடவே என் வகுப்பு ட்ரெவர் ஹோல்ட்டுக்கு என் கையால் ஆப்பும் வருகிறது.

மறந்துவிடுவேன் என்று நினைத்தானா? போன வருடம் இரண்டாம் பாகம் வந்தபோது அப்பா லாரியோடு நெவாடாவில் இருந்தார். பருந்துப் படம் என்றால் நானும் அப்பாவும் சேர்ந்துதான் பார்ப்போம். அவர் வரும்வரை ஒன்பது நாள் காதில் ஹெட்போன், போனைத் தொடவில்லை. விரதம்! பத்தாம் நாள் காலை, பள்ளி ஒலிபெருக்கியில் ட்ரெவர் அறிவிப்பு வாசித்தான்: “இன்னிக்கு மதியம் பீட்சா. பருந்தோட தங்கச்சிதான் துரோகி. எல்லாருக்கும் இனிய நாள்!”

அன்று சாயங்காலம் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து வாயைப் பிளந்து நடித்தேன். “என்ன கண்ணு, உனக்கு ஆச்சரியமாவே இல்லையா?” என்று கேட்டார். பாவம்.

ஏப்ரல் 29, புதன்

ட்ரெவருக்கு நீச்சல் போட்டி. சனிக்கிழமைதான் படம் பார்க்கப் போகிறானாம். எனக்கு நாளை மூன்று மணிக் காட்சி. அப்பா ஞாயிறு வருவார். அவரோடு இன்னொரு தடவை பார்த்தால் போச்சு. துரோகமா? இல்லை. போர்க்கால நடவடிக்கை.

ஏப்ரல் 30, வியாழன்

பருந்து செத்துப்போனான். நிஜமாகவே. பனிமலையில், சிறகெல்லாம் எரிந்து. நீலப் போர்வையை முதுகில் கட்டிக்கொண்டு வந்திருந்த ஐம்பது வயது ஆள் பக்கத்து இருக்கையில் தேம்பினார். நானும் அழுதேன். நடுவிலேயே ட்ரெவரின் மூஞ்சி ஞாபகம் வந்து சிரிப்பும் வந்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே எழுந்து ஓடினேன். “அட, உக்காரும்மா!” என்று யாரோ கத்தினார்கள். எங்கே உட்கார? வழியில் வாழைப்பழம் வாங்க வேண்டும்.

மே 1, வெள்ளி

ட்ரெவர் உஷார். காதில் ஹெட்போன். போன் அணைத்தாகிவிட்டது. என்னைக் கண்டால் கண்ணையும் மூடிக்கொள்கிறான். வாயை மூட மறந்துவிட்டான், பாவம்! தினமும் மதியம் வாழைப்பழம் தின்பான். காலையிலேயே அவன் பையில் இருந்ததை எடுத்துவிட்டு என்னுடையதை வைத்தேன். தோலில் பல்குச்சியால் கீறினால் உடனே தெரியாது. மதியத்துக்குள் எழுத்து கறுத்துவிடும்.

எடுத்தான். வாசித்தான். ‘கடைசியில் பருந்து செத்துடுவான். இனிய நாள்!’

ஹெட்போனைக் கழற்றினான். “நீ மனுஷியாடி ஜோசி?”

“பழிக்குப் பழம்டா. உரிச்சுச் சாப்பிடு.”

இவ்வளவு நன்றாக நான் தூங்கப்போவது ஒரு வருடத்துக்குப் பிறகு இன்றுதான்.

மே 2, சனி

ட்ரெவரிடமிருந்து செய்தி: “தெய்வமே! சாகப்போறான்னு தெரிஞ்சதால சீனுக்குச் சீன் அழுதேன். பேரெல்லாம் ஓடி முடிஞ்சதும் பனிக்குள்ளேர்ந்து அந்தக் கை வெளிய வந்துச்சு பாரு, கத்தின கத்துல தொண்டையே போச்சு! இப்படி ஒரு படம் நான் பாத்ததே இல்லை. தேங்க்ஸ்டி!”

எந்தக் கை?

எந்தக் கை?!

பெயர்கள் ஓடி முடிந்தபின் காட்டும் கடைசித் துண்டு! அதற்காகத்தானே அத்தனை பேரும் இருக்கையை விட்டு எழாமல் இருந்தார்கள். பால்குடி மறக்காத குழந்தைகூட எழாது. நானோ எழுந்து ஓடியிருக்கிறேன். ஆப்பு என்று நினைத்து அவனுக்கு ஐஸ்கிரீம் ஊட்டியிருக்கிறேன்.

அதுகூடப் போகட்டும். நன்றி சொல்கிற சாக்கில் மறுபடியும் முடிவைச் சொல்லித் தொலைச்சுட்டானே! அதுவும் வேணும்னு செய்யலை. அதான் தாங்க முடியலை.

மே 3, ஞாயிறு

அப்பாவோடு மதியக் காட்சி. பருந்து செத்ததும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கடைசிப் பெயர் வரை உட்கார்ந்திருந்தோம். கை வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். அதனால் திரையைப் பார்க்காமல் அப்பாவைப் பார்த்தேன். இத்தனை படம் சேர்ந்து பார்த்தும் அவர் முகத்தை நான் பார்த்ததே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார், ஊசிக்குப் பயந்த பையன் மாதிரி. திடீரென்று துள்ளி எழுந்தார். மொத்தப் பாப்கார்னும் முன்வரிசைக்காரர் தலையில்.

“உயிரோட இருக்கான் கண்ணு! பாத்தியா? பாத்தியா?”

“பாத்தேன்ப்பா.”

மே 4, திங்கள்

விடிந்ததும் அப்பா லாரியை எடுத்தார். கண்ணாடியை இறக்கி, பனிக்குள்ளிருந்து வருகிற மாதிரி கையை மெதுவாக நீட்டி ஆட்டினார். வியாழக்கிழமையைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மதியம் சாப்பாட்டு மேசையில் ட்ரெவர் கேட்டான்: “இப்ப நாம ரெண்டு பேரும் சமம்தானே?”

“இல்லை. இன்னும் ஒண்ணு பாக்கி,” என்றேன். நகர்ந்து இடம் விட்டான். அவன் பக்கத்தில் தட்டை வைத்தேன்.