பிடிபட்ட மானுக்கு ஒரு சொல்

உத்ஸ்யோகி,
ஜனவரி மாதம், சூரியன் இன்னும் எட்டிப் பார்க்காத வாரம்.

பிரியமுள்ள அண்ணன் யர்மோவுக்கு,

தங்கை மெர்யா எழுதுவது. நானும் குட்டி ரிஸ்தெனும் நலம். ஆறு கெட்டியாக உறைந்துவிட்டது. அக்கரை நார்வேக்கு வண்டியிலேயே போய்வருகிறார்கள். உங்கள் கோதென்பர்கில் மழை விடவில்லையாமே. உன் முழங்கால் வலி தேவலையா?

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். நீ "சரி சரி, பாக்கலாம்" என்று வைத்துவிடுவாய். கடிதமென்றால் படிக்காமல் மூலையில் போட உனக்கு மனசு வராது.

அங்கே உன் ஊர் முதியோர் இல்லத்தில் இருக்கும் அப்பாவைப் பற்றித்தான். "ஸ்வீடிஷ் போச்சு, இப்ப ஃபின்னிஷும் போச்சு. ஏதேதோ உளர்றாரு, நர்ஸுங்களுக்குத் தலையும் புரியல வாலும் புரியல" என்று இலையுதிர் காலத்தில் சொன்னாய். அது உளறல் இல்லை அண்ணா. அது ஸாமி மொழி, இந்த வடக்கே மான் மேய்க்கும் நம் ஜனத்தின் மொழி, அவர் பிறந்த வீட்டின் பேச்சு. ஏழு வயதில் விடுதிப் பள்ளியில் சேர்த்து, அதை அவர் வாயிலிருந்து அடித்தே விரட்டினார்கள். அந்த அடி நமக்கும் விழக்கூடாதென்று நம்மிடம் ஒரு வார்த்தைகூட அதில் பேசாமலே வளர்த்தார். கடைசியில் அவரிடம் மிஞ்சியது அது ஒன்றுதான். நம் இருவரிடமும் இல்லாததும் அதுதான்.

பெரியவர்களுக்கான ஸாமி வகுப்பு அடுத்த இலையுதிர் காலத்தில்தான். அதுவரை அவர் இருப்பாரா? அதனால் ரிஸ்தென் போகும் மழலையர் பள்ளிக்கே போய், பிள்ளைகளோடு நானும் உட்காரலாமா என்று கேட்டேன். அங்கே ஸாமி மொழி மட்டும்தான். நடத்துகிற எல்லே சிரித்தாள். "தாராளமா உக்காரு. ஆனா ஃபின்னிஷை பூட்ஸோட சேத்து வாசல்லயே கழட்டி வச்சுட்டு வா" என்றாள்.

மருந்துக்கடையில் ஊருக்கே யோசனை சொல்கிறவள் நான். அங்கே தூண் மாதிரி நின்றேன். தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்ற பயம். பிள்ளைகளுக்கு அந்தப் பயமே கிடையாது; வார்த்தை தெரியாவிட்டால் அப்போதே ஒன்றைச் செய்துகொள்கிறார்கள். ஒருநாள் சுவரிலிருக்கும் தீயணைப்பு உருளையைக் காட்டி அது என்ன என்று என்னிடம் கேட்டார்கள். தெரிந்த நாலு சொல்லை ஒட்டி "நெருப்பைக் குடிக்கிற சிவப்பு மாமா" என்றேன். உருண்டு உருண்டு சிரித்தார்கள். இப்போது எல்லேயே அதை அப்படித்தான் கூப்பிடுகிறாள். அன்றைக்குத்தான் எனக்கு நாக்கு அவிழ்ந்தது.

முற்றத்தில் மான் பிடிக்கும் ஆட்டம் ஆடுவோம். கயிறு வீசிப் பிடிக்கிற மேய்ப்பருக்குப் பேச்சு நிறைய. "அம்மா, உனக்கு இன்னும் வாயே வரல, நீ மானாவே இரு" என்று ரிஸ்தென் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். நாலு வயதுக்கு என்ன அதிகாரம்! மானுக்கு ஒரே ஒரு பேச்சுதான். கயிறு விழுந்ததும் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். "பிடிபட்டுட்டேன், விடு" என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். மேய்ப்பர் "மனா ருவொக்தொத்" என்கிற வரைக்கும் ஓர் அடி நகரக்கூடாது. வீட்டுக்குப் போ என்று அதற்கு அர்த்தம். சொன்னதும் படிக்கட்டுக்கு ஒரே ஓட்டம்.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் நீ ஓர் ஒலிப்பதிவு அனுப்பினாயே. "நடைவழில சிலையாட்டம் நிக்கிறாரு, இதையே சொல்லிட்டிருக்காரு, ரெண்டு நர்ஸ் சேந்து தூக்குனா அடிக்க வர்றாரு" என்று சலித்துக்கொண்டாயே. எத்தனையோ தடவை கேட்டும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நேற்று கயிறு என் தோளில் விழுந்தது. நின்றேன். என் வரியைச் சொன்னேன். சொல்லும்போதே, என் வாயில் அப்பாவின் குரல் கேட்டது. அதே வார்த்தைகள், அண்ணா. ரிஸ்தென் "போ, போ" என்று கத்துகிறாள், என்னால் ஓட முடியவில்லை.

எல்லேயிடம் பதிவைப் போட்டுக் காட்டினேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எங்கப்பாவும் அந்தப் பள்ளிக்கூடம்தான். விறகுக் கொட்டகைக்குப் பின்னாடி, வாத்தியார் காதுல விழாம இதத்தான் ஆடுவாங்களாம்" என்றாள்.

அப்பா இன்னும் அங்கேதான் நிற்கிறார். அந்தக் கட்டடத்தில் அவரிடம் "வீட்டுக்குப் போ" என்று சொல்ல ஆள் இல்லை. பாதியில் இழுத்துப்போனால் அடிக்க வராமல் என்ன செய்வார்?

அடுத்த சனிக்கிழமை நான் வந்துவிடுவேன். அவர் நுரையீரலைப் பற்றி டாக்டர் சொன்னதை நீ பாதி விழுங்கித்தான் சொன்னாய். மருந்துகளின் பெயரைக் கேட்டே மீதியைத் தெரிந்துகொண்டேன். உன்னைக் கோபிக்கவில்லை.

நான் வரும்வரை நீ எனக்காக இதைச் செய். அவர் நின்றால் யாரையும் இழுக்க விடாதே. எதிரே போய் நின்று, அவர் கண்ணைப் பார்த்து, அந்த இரண்டு வார்த்தையைச் சொல். ரிஸ்தெனைச் சொல்லவைத்துப் பதிந்து உன் போனுக்கு அனுப்பியிருக்கிறேன், கேட்டுப் பழகு. உன் உச்சரிப்பு கேவலமாகத்தான் இருக்கும். சிரித்தால் சிரிக்கட்டும், அவர் சிரித்து எவ்வளவு காலமாயிற்று.

நான் வருவதற்குள் அவருக்குப் போக அவசரமென்றால், தங்கச்சி வரட்டும் என்று அவரைக் காக்க வைக்காதே. அந்த இரண்டு வார்த்தையைக் காதோடு காதாகச் சொல்லிவிடு, அண்ணா. பிடிபட்டு வெகுநேரமாய் நிற்கிறார்.

உன் அன்புத் தங்கை,
மெர்யா