இரண்டு பக்கம் மட்டும் தொங்கும் துணி

வியாழன், இரவு

இந்தக் கோபம் துணிக்காகவா மேசைக்காகவா என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் படிக்கும் மேசை படுக்கையறை மூலையில், சுவரையும் பீரோவையும் ஒட்டிக் கிடந்தது. பின்புறமும் வலப்புறமும் துணி தொங்க இடமில்லை. அதனால் மும்பை தாதரில் வாங்கிய நீலக் கட்டத் துணியை மற்ற இரண்டு பக்கம் மட்டும் தொங்கும்படி வெட்டி, கையாலேயே ஓரம் மடித்துத் தைத்தேன்.

இன்று ஆபீஸிலிருந்து வந்தால் மேசை ஹால் நடுவில் நிற்கிறது. கணவருக்கு இனி வீட்டிலிருந்தே வேலையாம். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சான்பாடாவிலிருந்து வந்திருந்த நாத்தனாரிடம் துணி தொங்காத பக்கங்களைக் காட்டிச் சிரித்தார்.

“பாத்தியா அக்கா, மேத்ஸ்ல எம்.எஸ்ஸி. ரெண்டு பக்கத்துக்குத் துணியே பத்தலை!”

“டெய்லர்ட்ட குடுத்திருக்கலாமேம்மா” என்றாள் அவள்.

இருவருக்கும் காபி கலந்து கொடுத்தேன். அதுதான் இன்னும் எரிகிறது.

வெள்ளி

காலையில் அவர் குளிக்கப் போனதும், வீட்டு வேலைக்கு வரும் சுனிதாவும் நானும் மேசையைத் தூக்கிப் பழைய மூலையிலேயே போட்டோம். அவர் துண்டோடு வந்து நின்றார்.

“பத்து மணிக்கு மீட்டிங். நான் எங்க உக்கார்றது?”

“கிச்சன் மேடை காலியாத்தான் இருக்கு” என்றேன்.