டொக்டர் கேட்ட கேள்வி

மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாமுக்குப் பதில் சொல்வது கடமை. என்னைக் குடிகாரன் என்று சொன்ன அதே வாயால் சொல்லு.

கொழும்பில் என் நெஞ்சைத் திறந்து பெருநாடியைத் தைத்த மூன்றாம் நாள், வயிற்று வலியில் துடித்தேன். கணையம் வீங்கிவிட்டதாம். குடிகாரருக்கு அதிகம் வரும் நோய் என்பதால் டொக்டர் சிங்களத்தில் ஒன்று கேட்டார். கட்டிலடியில் நின்ற நீதான் தமிழில் சொன்னாய்: "நீ குடிக்கிறியாண்டு கேக்கிறார், மச்சான்." இல்லை என்றேன். அவர் மறுபடியும் கேட்டார்.

நான் வீடு வருமுன்பே கற்பிட்டி முழுக்க அந்தக் கதைதான். "சும்மாவா ரெண்டு தரம் கேப்பாங்க?" என்று பள்ளிவாசலில் நின்று சொன்னாய். உன் மகனுக்கு என் மகள் ஷஃபீனாவைப் பேசி வைத்திருந்ததையும் முறித்தாய். மூன்று மாதமாக அவள் வெளியே தலைகாட்டவில்லை. முப்பது வருஷம் ஒரே வள்ளத்தில் கடலுக்குப் போனோமே, ஒருநாளாவது என் வாய் மணத்ததா?

போன வாரம் அதே டொக்டரிடம் போய்ச் சிங்களத்தில் கடிதம் வாங்கினேன். ஒப்பரேஷனின்போது கணையத்துக்கு இரத்தம் குறைந்ததால் வந்த வீக்கம், நோயாளிக்குக் குடிப்பழக்கம் இல்லை என்று எழுதியிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு ஷஃபீனாவின் நிக்காஹ். சபைக்கு முன்னால் அந்தக் கடிதத்தை நீ தமிழில் சொல்ல வேண்டும். டொக்டர்மார் பேச்சைத் தமிழாக்க உன்னை விட்டால் யார்?

நீ வராவிட்டாலும் ஒன்றும் குறையாது. உன் மகன் வாசிப்பான். மாப்பிள்ளை அங்கே இருக்கத்தானே வேண்டும்.

இப்படிக்கு,
ஒருநாளும் குடிக்காத உன் சம்பந்தி