குழாயில் ஏறிவரும் தண்ணீர்

கதிர்காம முருகன் துணை

ஹல்துமுல்லை
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தம்பி துஷாந்துக்கு,

சண்டை நடந்தபோது தொட்டியடியில் இருந்தது நான்கு பேர்தான்: நான், உன் மச்சான், கீழ் லயத்து வீட்டுச் சதீஸ்குமார், அவன் பெண்சாதி கலாராணி. வேறு யார் பார்த்தேன் என்றாலும் நம்பாதே. போனில் சொன்னால் கத்துவாய், அதனால் எழுதி பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன்.

உன் மச்சானுக்கு இடது கையில் இரண்டு விரல் போய்விட்டது. சதீஸ் தாடை உடைந்து, அவர் இருக்கும் அதே பதுளை ஆஸ்பத்திரியில் கிடக்கிறான்.

நீ பூட்டிய கன்ட்ரோலர் பெட்டி, ஓடையடிப் பம்பைக் கூட்டிக் குறைத்து மேலே தொட்டி மட்டத்தை ஒழுங்காகத்தான் வைத்திருந்தது. போன மாதம் குழாயைச் சுற்றுவழியாக நீட்டிப் போட்டார்கள். அதிலிருந்து தண்ணீர் ஏறிவரத் தாமதம். பெட்டிக்கு அது தெரியாதே. மட்டம் ஏறவில்லை என்று பம்பை முடுக்கிக்கொண்டே போனது. போதாததற்கு உன் மச்சானும் பொறுமையில்லாமல் பெட்டியின் திருகைத் திருப்பி வேக எண்ணைக் கூட்டிவைத்தார். குழாயில் இருந்த தண்ணீர் எல்லாம் ஒன்றாக வந்து தொட்டி வழிந்தது. வழிந்த தண்ணீர் மண்ணை அறுத்து, சதீஸின் குசினிச் சுவரைத் தள்ளியது. மீரியபெத்தை மண்சரிவில் தாயையும் தகப்பனையும் மண்ணுக்குக் கொடுத்தவள் கலாராணி.

சதீஸ் தேயிலை வெட்டும் கவ்வாத்துக் கத்தியோடு வந்து, எங்களையும் உசுரோட புதைக்கப் பாக்குறீங்களா, நிப்பாட்டுங்க என்றான். மம்பட்டி புடிக்கிறவன் எனக்கு மெசின் சொல்லிக்குடுக்க வந்துட்டான் என்றார் உன் மச்சான். அவன் பெட்டியை வெட்டக் கை ஓங்கினான். இவர் ஸ்பேனரால் அவன் முகத்தில் அடித்தார். எலும்பு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதன் பிறகுதான் கத்தி இவர் கையில் இறங்கியது. முதல் அடி உன் மச்சானுடையது. சாமி விளக்கேற்றி வைத்துவிட்டுச் சத்தியமாக எழுதுகிறேன். நாளை பொலிஸ் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லப்போவதை உன் மச்சானிடம் இன்னும் சொல்லவில்லை.

சதீஸைப் பழிவாங்கக் கொழும்பிலிருந்து ஆள் திரட்டி வேன் பிடித்து வருகிறாயாம். பெட்டி பூட்டிய அன்றைக்கு நீதானே சொன்னாய், ஒருக்கா திருப்பிட்டா பலன் வர்ற மட்டும் கைய எடுத்துட்டு நில்லு அக்கா, அதுக்குள்ள மறுக்கா திருப்புனா மொத்தமா வந்து விழும் என்று. வருவதானால் தனியாக வா. புதுக் குழாய்க்கு ஏற்ற எண்களைக் கணக்குப் பார்த்து எழுது.

அதுவரை பம்பைக் கையால் போடுவது நான். மேலே தொட்டியடியில் நிற்பது கலாராணி. நாங்கள் பேசிக்கொள்வதில்லை. போடு, நிறுத்து என்று அவள் கூப்பிடும் சொல் மட்டும்தான். இதுவரை வழியவில்லை.

முருகன் உன் கையையும் காக்கட்டும். சீக்கிரம் பதில் போடு.

அக்கா
விஜயலெட்சுமி