நாலு மணி ஊர்வலம்

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவின் ஆசியும் என் அன்பும். இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், நீயும் சுகம் என்று உன் கையெழுத்தில் பார்த்தால்தான் அம்மாவுக்குச் சோறு இறங்கும் போலிருக்கிறது, அதனால் இது கிடைத்ததும் இரண்டு வரியாவது எழுது. வழக்கம் போல அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். அவள் கட்டிலில் காலை நீட்டிக்கொண்டு யாருடைய பையிலிருந்தோ பழைய ஜிப்பைப் பிரித்தபடி சொல்லிக்கொண்டிருக்கிறாள். முழங்கால் வலி முன்னைக்கு இப்போது பரவாயில்லை, வண்டிக்குப் புதுச் சக்கரம் போட்டாயிற்று, மாடி வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாயை இன்னும் சரி செய்யவில்லை, சொட்டுச் சொட்டென்று இரவெல்லாம் சத்தம். அங்கே குளிர் என்று எழுதியிருந்தாயே, காதை மூடிக்கச் சொல்லு, காது வழியாத்தான் எல்லா வியாதியும் உள்ள போகுது என்கிறாள். எழுதிவிட்டேன், நீ மூடிக்கொள்.

இப்போது பெரிய விஷயம். பெரிய ரோட்டில் நிற்கிற தள்ளுவண்டிகளை எல்லாம் பஸ் டெப்போவுக்குப் பின்னால் இருக்கும் காலி மனைக்கு மாற்றுவதாக மாநகராட்சியில் பேச்சு வந்தது. அங்கே காக்கா கூட வழி தெரியாமல்தான் வரும். நம் பை, ஜிப் ரிப்பேர் வண்டி அங்கே போனால் ஒரு மாதம் தாங்காது என்று அம்மா படுத்தால் தூங்குவதில்லை. சங்கத்தில் கூடிப் பேசி, கவுன்சிலர்கள் முடிவெடுக்கும் முன்னால் ஒரு நாள் எல்லா வண்டியையும் கழுவி அலங்கரித்து, பாலத்திலிருந்து மாநகராட்சிக் கட்டடம் வரை ஊர்வலமாகப் போவது என்று தீர்மானித்தார்கள். சும்மா கோஷம் போட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், வண்டிகளைப் பார்த்தால் நாம் யார் என்று தெரியும் என்பது கணக்கு. ஊர்வலத்துக்கு அனுமதி வாங்க வேண்டும் அல்லவா, சங்கத் தலைவர் கண்ணாடி மாமாதான் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். உனக்குத் தெரியுமே, வண்டியில் மூக்குக்கண்ணாடியும் முகம் பார்க்கிற கண்ணாடியும் விற்கிறவர். அனுமதியும் வந்துவிட்டது. மாமா சந்தோஷமாக எல்லாருக்கும் படித்துக் காட்டும்போதுதான் நான் கவனித்து அம்மாவுக்குக் காட்டினேன், ஊர்வலம் புறப்படும் நேரம் காலை நாலு மணி என்று இருக்கிறது. என்ன மாமா இது என்று அம்மா கேட்டால், விண்ணப்பத்துல எத்தனை மணிக்குப் புறப்படுவீங்கன்னு கேட்டிருந்தான், நாம என்னிக்கும் இடம் பிடிக்க வண்டிய எடுத்துக்கிட்டுப் புறப்படறது விடியக்காலை நாலு மணிக்குத்தானே, அதைத்தான் எழுதினேன் என்கிறார் பாவம். சோளக்கார அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். இருட்டுல யாருக்கு மாமா ஊர்வலம் காட்டப் போறோம், பேய்க்கா, தெரு நாய்ங்க வேணா வரிசையா நின்னு வாலாட்டும் என்றாள். ஊரு பூரா கண்ணாடி விக்கிறேன், எனக்குக் கண்ணு தெரியாமப் போச்சே என்று மாமா உட்கார்ந்துவிட்டார். யாராலும் சிரிக்காமல் இருக்க முடியவில்லை, ஆனால் உள்ளுக்குள் எல்லாருக்கும் பயம்தான், யாரும் பார்க்காத ஊர்வலம் நடந்தால் என்ன நடக்காவிட்டால் என்ன.

மறுநாளே அம்மாவும் மாமாவும் அனுமதிப் பிரிவுக்குப் போனார்கள், நான் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். ஜன்னலில் இருந்தவர், கேட்ட நேரத்தைத்தானே குடுத்திருக்கோம், அப்புறம் என்ன குறை என்று கேட்டார், அவர் கேட்டதும் நியாயம்தான். அம்மா விடாமல் நின்றதால் உள்ளே அதிகாரி மேடத்திடம் அனுப்பினார்கள். சின்ன அறை, அலமாரிக்கு மேலே வரை காகிதக் கட்டு, மின்விசிறி சுற்றினால் எல்லாம் பறக்கும் என்று அதை நிறுத்தியே வைத்திருக்கிறார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மாற்றித் தரும்படி அம்மா கேட்டாள். மேடம் முடியவே முடியாது என்றார். ஆபீஸ் விடற நேரம், பஸ் எல்லாம் அப்படியே நின்னுடும், இத்தனை வண்டி ரோட்ல இறங்கினா யாரு பதில் சொல்றது என்றார். அம்மா ஒரு பக்கம், மாமா ஒரு பக்கம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச, ஒருத்தர் பேசுங்க, யாராவது ஒருத்தர் என்று மேடம் மேசையைத் தட்டினார். இரண்டு பேரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள், இரண்டு பேரும் மற்றவர் பேசட்டும் என்று காத்திருந்தார்கள். அந்த அமைதியில் என் வாய் திறந்துவிட்டது அண்ணா. சாயங்காலம் நாலு மணிக்கு நாங்க எப்பவும் அந்த ரோட்லதான் இருக்கோம் மேடம், ரெண்டு பக்கமும் நிக்கிறோம், அன்னிக்கு மட்டும் எல்லாரும் ஒரே வரிசையா ஒரு ஓரமாப் போவோம், மத்த நாளைவிட அன்னிக்குத்தான் பஸ்ஸுக்கு இடம் நிறைய இருக்கும் என்றேன். மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், அப்புறம் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இந்தப் பொண்ண இவ்வளவு நேரம் எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க என்றார். நேரத்தை மாற்றிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஊர்வலத்துக்கு ஒரு பொறுப்பாளர் வேண்டும், அனுமதிக் காகிதத்தோடு முதல் ஆளாக நடக்க வேண்டும், இந்தப் பெண்ணே இருக்கட்டும், பதினெட்டு முடிந்ததா என்றார். போன மாசந்தான் முடிஞ்சுது என்று அம்மா எனக்கு முன்னால் பதில் சொல்லிவிட்டாள்.

எட்டாவதோட படிப்ப நிறுத்தினவ, விலை கேட்டாக்கூட விரலாலதான் காட்டுவா, இவளா பேசினா என்று அம்மா அன்றிலிருந்து தெருவில் ஒருவரை விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வெளியே தலை காட்ட முடியவில்லை. இதையும் எழுதச் சொல்லுகிறாள், எழுதுகிறேன்.

ஊர்வலம் நல்லபடியாக நடந்தது. நம் வண்டியில் அம்மா சிவப்பு, மஞ்சள், பச்சை ஜிப்புகளைத் தோரணமாகக் கட்டியிருந்தாள். கண்ணாடி மாமா எல்லாக் கண்ணாடியையும் வெளிப்பக்கம் பார்க்க மாட்டியதில் வெயில் பட்டு ரோட்டில் இருந்த அத்தனை பேர் முகத்திலும் அடித்தது, பஸ்ஸில் இருந்தவர்கள் கண்ணைச் சுருக்கிக்கொண்டே கை காட்டினார்கள். நடுவில் நாற்சந்தியில் போலீஸ்காரர் கொஞ்ச நேரம் நிறுத்தினார், பிறகு விட்டுவிட்டார். கவுன்சிலர்கள் படியில் நின்று பார்த்தார்கள், ஒருவர் இறங்கி வந்து கைப்பை வாரை அம்மாவிடம் தைத்துக்கொண்டு போனார். நேற்று முடிவு வந்துவிட்டது, வண்டிகள் பெரிய ரோட்டிலேயே இருக்கலாம், ஒவ்வொருவருக்கும் இடம் கோடு போட்டுத் தருவார்கள். சோளக்கார அக்கா தெரு முழுக்க எல்லாருக்கும் சோளம் கொடுத்தாள்.

உனக்கு அம்மா சொல்வது, வேளைக்குச் சாப்பிடு, வேலையில் யாரோடும் வம்பு வேண்டாம், ஆனால் லீவு கேட்கப் பயப்படாதே. தங்கச்சியே வாயத் தொறந்துட்டா, உனக்கென்னடா, கேட்டாத்தான் கிடைக்கும் என்கிறாள். உடம்பைப் பார்த்துக்கொள், நீண்ட ஆயுளோடு நன்றாக இரு, தலை நிமிர்ந்து இரு என்று ஆசி சொல்லுகிறாள்.

எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நாற்சந்தி வந்ததும், நிறுத்துடி, நடந்தத முழுசா எழுது, அது இல்லாம இந்தக் கடிதாசி போகக் கூடாது என்று பேனாவை என் கையில் திணித்துவிட்டாள். ஆகவே எழுதுகிறேன். போலீஸ்காரரிடம் இருந்த உத்தரவில் பழைய நேரமே இருந்தது, காலைல முடிஞ்சு போன ஊர்வலம் இது, எல்லாத்தையும் திருப்பு என்று கத்தினார். பின்னால் அத்தனை வண்டியும் நின்றுவிட்டது. யாரு இதுக்குப் பொறுப்பு என்று கேட்டார். வழக்கம் போல தானே பதில் சொல்ல அம்மா கையைத் தூக்கினாளாம், அதற்குள் நான் நேரம் மாற்றிய அனுமதிக் காகிதத்தை நீட்டி, நான்தான் சார் என்றேனாம், சத்தமாக, கடைசி வண்டி வரைக்கும் கேட்டதாம். அம்மா தூக்கிய கையை இறக்கிக்கொண்டாளாம்.

இப்படிக்கு,
உன் அம்மா
(எழுத்து: உன் தங்கை)