ஈரம் காயாத தொட்டிகள்

என்னவருக்கு,

எங்கே அனுப்புவதென்று தெரியாமலேயே எழுதுகிறேன். உங்களை அடக்கம் செய்த நாளிலிருந்து மாடித் தொட்டிகளுக்கு நான் தண்ணீர் ஊற்றவில்லை; மனசு வரவில்லை. பதினோரு நாளாகியும், தூக்கிப் பார்த்தால் தொட்டிகள் கனக்கின்றன.

"தென்னை நார்த்தூள் மேல காஞ்சு தெரிஞ்சாலும் உள்ள ஈரம் இருக்கும்மா, அப்பாவே சொல்வாரே" என்றாள் மகள். அதற்காக, தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தினமும் புதுத்தண்ணீர் நிற்குமா?

இன்று காலை தொட்டிகளுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை. தக்காளித் தொட்டியில் நார்த்தூள் ஓரத்திலிருந்து நடுவுக்குச் சுற்றிச் சுற்றி நனைந்து கறுத்தது. நீங்கள் ஊற்றுவதுபோலவே, அவசரமில்லாமல். அடியில் சொட்ட ஆரம்பித்ததும், "போதுங்க" என்றேன்.

நின்றுவிட்டது.

தன் வீட்டோடு வந்துவிடும்படி மகள் கூப்பிடுகிறாள். வரவில்லை என்று சொல்லிவிட்டேன். காரணம் சொல்லவில்லை.

இங்கேயே இருக்கும்,
உங்கள் மனைவி